பொட்டலத்தைப் பிரிக்கும் முன்

கடந்த பள்ளி விடுமுறையில், புக்கிட் பெருவாங்கிலுள்ள எங்கள் வீட்டில் ஒரு சிறு சோதனை நடந்தது. ஐந்தாம் படிவம் பயிலும் என் மகள், பேரங்காடியிலிருந்து ஜப்பானிய உடனடி ராமென் பொட்டலங்கள் மூன்றை வாங்கி வந்தாள். ஒவ்வொன்றும் ஒரு வட்டாரத்தின் சுவை. சப்போரோ நகரம் மிசோ எனும் புளித்த சோயா விழுதுக்கும், ஹக்கொடாத்தே தெளிந்த உப்புச் சாற்றுக்கும், கித்தக்காத்தா சோயா கிச்சாப்புக்கும் பெயர் பெற்றவை.

“உப்பில்லாப் பண்டம் குப்பையிலே” என்று அடிக்கடி கூறும் பாட்டியே, முதல் கரண்டியைச் சுவைத்ததும், “என்னம்மா, இப்படி உப்புக் கரிக்குதே!” என்றார். பொட்டலத்தைத் திருப்பிப் பார்த்தோம். சோடியம் ஏறக்குறைய 2,000 மில்லிகிராம். 400 மில்லிகிராம் சோடியம் 1 கிராம் உப்புக்குச் சமம். அப்படியானால் ஒரு கிண்ணத்தில் 5 கிராம் உப்பு! பெரியவர் ஒருவர் நாள் முழுவதும் உண்ணும் உப்பே 5 கிராமுக்குக் குறைவாக இருக்கவேண்டும் என்கிறது உலகச் சுகாதார நிறுவனம்.

இதனால், உடனடி மீயை வீட்டுக்குள்ளேயே விடக்கூடாது என்பர் சிலர். நான் அவ்வாறு கருதவில்லை. 1958ஆம் ஆண்டு மொமொஃபுக்கு அண்டோ இதை உருவாக்கியதற்குப் போருக்குப் பிந்தைய பசியே தூண்டுகோல். வேகவைத்த மீயை எண்ணெயில் பொரிக்கும்போது நீர் ஆவியாகி நுண்துளைகள் உண்டாகின்றன. பின்னர் அத்துளைகளில் வெந்நீர் புகுவதால் மீ விரைவில் மென்மையாகிறது. இது போற்றத்தக்க கண்டுபிடிப்பே.

மேலும், தடை எத்தனை நாள் நீடிக்கும்? எங்கள் வட்டாரத்தில் பல்கலைக்கழக மாணவர் பலர் வாடகை வீடுகளில் தங்கிப் பயில்கின்றனர். என் மகளும் விரைவில் அவ்வாறு வெளியூர் செல்லக்கூடும். அங்கே அவளைத் தடுக்க நான் இருக்கமாட்டேன். அவள் கற்றுக்கொண்டது மட்டுமே உடனிருக்கும்.

எனவே, இரண்டாம் பொட்டலத்தை அவளே சமைத்தாள். சுவைத்தூளில் பாதியை மட்டும் இட்டாள்; கீரையும் கேரட்டும் முட்டையும் சேர்த்தாள். உப்பின் பெரும்பகுதி சாற்றில் இருப்பதால், அதை முழுவதும் குடிக்காமல் விட்டோம். பாட்டி மறுபடியும் ஒரு கிண்ணம் கேட்டார்.

மாணவர்களே, புதிய சுவைகளை அறிவது தவறன்று. ஆயினும், அவசர உணவு அன்றாட உணவாகிவிடக்கூடாது. அடுத்த முறை பொட்டலத்தைப் பிரிக்கும் முன், அதன் பின்பக்கத்தைப் படித்து, உப்பைக் கணக்கிட்டுப் பாருங்கள்.