தொட்டி மீன்களின் மரணம்

தங்கமீன் இறந்தால், ‘அதன் ஆயுள் அவ்வளவே’ என்று கூறி மறுநாளே வேறொன்று வாங்குதல் வழக்கமாயிற்று. யாம் இதனை ஒப்போம். நன்கு பேணப்பெறின் பத்தாண்டுக்கு மேலும் வாழவல்ல உயிர் பத்தே நாளில் மாள்வது ஊழன்று. பெரும்பாலும் வளர்ப்போர் அறியாமையே.

மீன் தன் செவுள்வழியே அம்மோனியா என்னும் நஞ்சை ஓயாது வெளிவிடும். அதனை நைட்ரைட்டாகவும், பின்னர்க் கொடுமை குறைந்த நைட்ரேட்டாகவும் மாற்றுவன, தொட்டியின் கற்களிலும் வடிகட்டியிலும் குடியேறும் நுண்ணுயிர்கள். அவை பெருகப் பல வாரங்கள் வேண்டும். நாமோ தொட்டியையும் மீனையும் ஒரே மாலையிற் கொணர்கின்றோம்!

எம் விடுதியறையில் நிகழ்ந்தது இன்னும் கொடிது. நீர் சற்றே கலங்கிற்றென்று முழுவதையும் கொட்டி, கற்களைத் தேய்த்துக் கழுவி, குழாய்நீரை நிரப்பினோம். தொட்டியின் பளபளப்பை வியந்துகொண்டே உறங்கினோம். விடியலில் இரு மீன்களும் வெண்வயிறு தோன்ற மிதந்தன. குழாய்நீரின் குளோரின் செவுளைப் புண்படுத்துவதோடு அந்நுண்ணுயிர்களையும் கொல்லும் என்பதை அதன் பின்னரே கற்றோம்.

உரோமை நகரத்தார் 2005-ஆம் ஆண்டில், விலங்குகளின் நலங்கருதி, உருண்டைக் கிண்ணத்தில் தங்கமீன் வளர்த்தலை விலக்கினர். மிகையென்பார் உளர், எமக்கு அது நேரிதாகவே தோன்றுகின்றது.

இப்பொழுது எம் தொட்டியில் நீர் மட்டுமே உளது. நுண்ணுயிர்கள் பெருகும்பொருட்டு நாடோறும் ஒரு சிட்டிகை மீனுணவை அதில் இட்டு அழுகவிடுகின்றோம். மீனில்லாத் தொட்டிக்கு உணவளிக்கும் எம்மைக் கண்டு அறைத்தோழர் நகைக்கின்றனர்.