நீர் – கொண்ட சொல்லா, கொடுத்த சொல்லா?

தன் வீட்டுக் கிணற்றில் ஊறும் நீரை அடுத்த வீட்டான் கொணர்ந்து ஊற்றியதென ஒருவன் சொல்லித் திரிவானாயின், ஊரார் அவனை அறிவு திரிந்தவன் என்பர். ஆனால், 'நீர்' என்னும் சொல்லையே வடமொழி தந்த கடன் என்று கூறுவாரை அறிஞர் எனப் போற்றும் நாடும் ஒன்றுண்டு, அது தமிழ்நாடு. 'நீரம்' என்னும் வடசொல்லின் கடைக்குறையே 'நீர்' என்பது அன்னார் கூற்று. அதனைச் சினத்தால் மறுத்தல் எளிது. சான்றால் மறுத்தலே தக்கது.

ஒரு சொல் எம்மொழிக்கு உரியதென அறிய வேண்டின், அம்மொழியின் உடன்பிறந்த மொழிகளில் அது வழங்குகின்றதா என்று முதற்கண் நோக்குதல் வேண்டும். வடமொழியில் நீரைக் குறிக்கும் பழஞ்சொற்களுள் 'அப்' என்பது ஒன்று. அதன் இனச்சொல் பாரசீகத்தில் 'ஆப்' என நிற்கின்றது; ஐந்து ஆறுகள் பாயும் நிலம் பஞ்சாப்பு எனப் பெயர் பெற்றது அச்சொல்லாலேயே. 'உதன்', 'உதகம்' என்பன மற்றொரு வகை. அவற்றிற்குக் கிரேக்கத்தின் 'ஃகுதோர்', ஆங்கிலத்தின் 'வாட்டர்', உருசியத்தின் 'வோதா' ஆகியன உறவு. இவை வடமொழிக்குப் பிறப்பால் உரியன. அதில் எவர்க்கும் ஐயமில்லை. 'நீரம்' என்பதற்கோ அவ்வுறவு மொழிகளுள் ஒன்றிலேனும் இனமில்லை. வடமொழியின் பழைய நூலாகிய இருக்கு மறையிலும் அச்சொல் காணப்பெறவில்லை. மனுநூல், மாபாரதம் முதலிய பிற்கால நூல்களிலேயே அது தலைகாட்டுகின்றது. பிறந்த வீட்டில் உடன்பிறப்பும் இன்றி, இளமைக் காலத்துச் சுவடும் இன்றி நிற்கும் சொல் எங்கிருந்தோ வந்து குடியேறியது என்பதன்றி வேறென்ன கொள்வது?

இனி, இப்பக்கம் நோக்குக. தமிழிலும் மலையாளத்திலும் 'நீர்', கன்னடத்தில் 'நீரு', தெலுங்கில் 'நீரு', பன்மையில் 'நீள்ளு'. துளுவிலும் குடகிலும் இதுவே. நீலமலைத் தோடரும் கோத்தரும் எழுத்தில்லாத தம் மொழிகளில் 'நீர்' என்றே வழங்குகின்றனர். நடு இந்தியாவில் பசுத்தர்ப் பகுதியில் வழங்கும் பர்சி மொழியிலும் அதுவே சொல். தமிழர் 'கண்ணீர்' என்பதைக் கன்னடர் 'கண்ணீரு' என்பர். தெலுங்கர் 'கன்னீரு' என்பர். தமிழனுக்கும் மலையாளிக்கும் 'இளநீர்', கன்னடனுக்கு 'எளநீரு'. ஆற்றில் வாழும் 'நீர்நாய்' கன்னடத்தில் 'நீருநாயி'. கடன் கொண்ட சொல் இவ்வாறு மலைமக்கள் நாவிலும், அழுவார் கண்ணிலும், தெங்கின் குலையிலும், ஆற்றில் வாழும் உயிரின் பெயரிலும் ஒருசேர ஊறிக் கிடக்குமோ? ஒரு குடிக்குப் பிறந்த மொழிகள் பிறப்போடு பெற்ற உடைமையே இது.

இவை எல்லாவற்றினும் வலிய சான்று, தமிழகத்திற்கு ஆயிரங் கல்லுக்கும் அப்பால், பாக்கித்தானத்தின் பலுச்சித்தானப் பகுதியில் வழங்கும் பிராகுவி மொழியிற் கிடைக்கின்றது. அம்மொழியில் நீருக்குப் பெயர் 'தீர்'. தகரத்தை எடுத்தொலித்தல் வேண்டும். நகரம் தகரமாயிற்றே, இஃது எங்ஙனம் இனமாகும் என்று வினவலாம். குருதிக்கு நம் பழம்புலவர் வழங்கிய சொல் 'நெய்த்தோர்'. தெலுங்கில் 'நெத்துரு', கன்னடத்தில் 'நெத்தரு', பிராகுவியில் 'திதர்'. அங்கும் சொன்முதல் நகரம் அவ்வாறே எடுத்தொலிக்கும் தகரமாயிற்று. ஒரு சொல்லில் நேர்ந்த மாற்றம் பிறிதொரு சொல்லிலும் அதே வகையில் நேருமாயின் அது தற்செயல் அன்று, ஒழுங்கு. அவ்வொழுங்கே உறவுக்கு முத்திரை. கால்டுவெல் பெருமகனார் 1856-இல் வெளியிட்ட ஒப்பிலக்கணத்திலேயே இச்சொல்லின் உரிமை நிலைநாட்டப்பட்டது. பரோவும் எமனோவும் 1961-இல் வெளியிட்ட திரவிட மொழிகளின் சொற்பிறப்பு அகரமுதலியிலும் இது திரவிடச் சொல்லாகவே இடம்பெற்றது. இவர்களுள் ஒருவரேனும் தமிழரல்லர் என்பதை எண்ணிப் பார்த்தல் நன்று.

இவ்விடத்துத் தமிழன்பர்க்கும் ஒன்று சொல்லியாதல் வேண்டும். இக்காலக் கிரேக்க மொழியில் நீருக்கு 'நெரோ' என்று பெயர். அதனைக் கண்டவுடன், 'பார்த்தீர்களா, கிரேக்கனும் நம் சொல்லையே வழங்குகின்றான்' என்று மேடைதோறும் முழங்குவாருளர். பழங்கிரேக்கத்தில் நீருக்குச் சொல் 'ஃகுதோர்' என்பது மேலே கூறப்பட்டது. புதிதாக முகந்த நீரைப் 'புதுநீர்' என்னும் பொருளில் 'நெயரோன் ஃகுதோர்' என்றனர். நாளடைவில் 'நீர்' என்னும் பகுதி வீழ்ந்து, 'புது' என்னும் அடையே திரிந்து 'நெரோ' என நின்றது. அவ்வடையோ வடமொழி 'நவ' என்பதற்கு இனம். எனவே, 'நெரோ'வைத் தமிழென்று தழுவுவார் தம்மையறியாமலே வடமொழியின் உறவினரைத் தம் வீட்டு விருந்தில் அமர்த்துகின்றனர். 'நீரம்' என்பதை எந்த அளவுகோலால் வடமொழிக்கு உரியதன்று எனத் தள்ளினோமோ, அதே அளவுகோலால் 'நெரோ'வையும் தள்ளுதலே நேர்மை. பொய்ச்சான்று ஒன்று புகின் மெய்ச்சான்று பத்தும் ஐயத்திற்கு இடமாகும். பகைவர் எடுத்துக்காட்டி நகைப்பது அவ்வொன்றைத்தான், பத்தை அன்று. தமிழின் பெருமைக்குப் பொய் தேவையில்லை. அதன் மெய்யே மலையளவு கிடக்கின்றது.

இனி, உரிமை நாட்டியதோடு கடமை தீர்ந்ததா? பெண்மகவுக்கு 'நீரசா' எனப் பெயரிட்டுத் தூய வடமொழிப் பெயர் என்று மகிழும் தமிழ்ப்பெற்றோர் உளர். 'நீரில் பிறந்தது', அஃதாவது தாமரை, என்னும் பொருள்தரும் அப்பெயரின் முன்பாதி தம் பாட்டன் வீட்டுச் சொல் என்பதை அவர் அறியார். தாமரை என்று பெயரிட்டிருந்தால் முழுதும் தமிழாயிருக்கும். வீட்டிலோ, ஒருசாரார்க்கு அது 'சலம்'. மற்றொரு சாரார்க்கு 'வாட்டர்'. 'வெந்நீர்' என்னும் அழகிய சொல் இருக்க, தண்மையையும் சூட்டையும் ஒன்றாய்க் கட்டிச் 'சுடுதண்ணீர்' என்கின்றோம். தோடர்தம் குடிலில் இன்றும் வாழும் சொல், தமிழ் கற்ற நகரத்தார் இல்லத்தில் வாடுகின்றது.

'நீர்மை' என்னும் சொல்லை நோக்குக. நீரின் தன்மையைக் குறிக்கும் அச்சொல் தமிழில் மாந்தனின் பண்புக்கும் பெயராயிற்று. ஓர் இனத்தின் நீர்மை, தன்னுடையதைத் தன்னதென்று அறிதலிலும், தன்னதல்லாததைத் தன்னதென்று கொள்ளாமையிலும், அறிந்ததை நாவில் வாழவைத்தலிலும் விளங்கும். அடுத்தமுறை வேட்கை தோன்றும்போது, தமிழர் வாய்திறந்து 'நீர்' என்று கேட்கட்டும். அம்மறுமொழியினும் சிறந்த மறுப்பு வேறில்லை.