கைக்குழந்தையும் பயணிதான்

இது நீளமான பதிவு. நேரம் இல்லாதவர்கள் பேத்தியின் படத்துக்கு ஒரு லைக் போட்டுவிட்டு நகரலாம், டீச்சர் கோபித்துக்கொள்ள மாட்டேன்.

போன வாரம் சிங்கப்பூரிலிருந்து கப்பலில் போய் வந்த படங்களைப் போட்டிருந்தேன். மகன், மருமகள், 14 மாதப் பேத்தி, நான். நான்கு இரவுகள். பினாங்கு, புக்கெட், திரும்பவும் சிங்கப்பூர். அதில் ஒரு படத்தில் பேத்தி இல்லாமல் நாங்கள் மூன்று பேரும் மேசையில் உட்கார்ந்து சாப்பிட்டுக்கொண்டிருக்கிறோம். கடல் படத்தையும் பினாங்குக் கோயில் படத்தையும் யாரும் கண்டுகொள்ளவில்லை. இந்த ஒரு படத்துக்குத்தான் அத்தனை கமெண்ட். "பிள்ளை எங்க?" என்று ஒருவர். "பிள்ளையக் கப்பல் ஆயாகிட்ட விட்டுட்டு விருந்தாக்கும்" என்று இன்னொருவர். மூன்றாமவர் நெருங்கிய சொந்தம். என் மருமகள் பெயரையே போட்டு "இந்தக் காலத்துத் தாய்மார்கள்" என்று ஆரம்பித்துப் பத்து வரி எழுதியிருந்தார். அந்தக் கமெண்டை நீக்கியது நான்தான். மருமகளைச் சந்தேகப்பட வேண்டாம்.

அதே நாள் ராத்திரி என் பழைய மாணவி ஒருத்தி மெசஞ்சரில் கேட்டாள்: "டீச்சர், டிசம்பர்ல நாங்களும் கப்பல்ல போறோம். பாப்பாவுக்கு அப்ப பத்து மாசம் ஆயிரும். பேபிக்கு நிறைய ஆக்டிவிட்டீஸ் இருக்குன்னு போட்டிருக்காங்களே, உண்மையா டீச்சர்?"

இரண்டு தரப்புக்கும் சேர்த்தே பதில் எழுதுகிறேன்.

முதலில் மாணவிக்கு. விளம்பரத்தில் ஒரு குழந்தை பந்து மேல் உட்கார்ந்து சிரிக்கும். கீழே "முழுக் குடும்பத்துக்கும்" என்று போட்டிருக்கும். உள்ளே போனபிறகுதான் வயது தெரியவரும். பெரும்பாலான கப்பல்களில் ஏறுவதற்குக் குழந்தைக்கு ஆறு மாதம் ஆகியிருக்க வேண்டும், பெருங்கடலைக் கடக்கிற நீண்ட பயணம் என்றால் ஒரு வயது. ஆனால் கிட்ஸ் கிளப்பின் கதவு மூன்று வயதில்தான் திறக்கும். மூன்று வயது ஆனாலும் டயப்பர் போட்டிருந்தால் பொதுவாகச் சேர்க்க மாட்டார்கள். அப்படியானால் ஆறு மாதத்திலிருந்து மூன்று வயது வரைக்கும்? நாங்கள் போன கப்பலில் காலை 10 மணிக்கு முக்கால் மணி நேரம் "பேபி விளையாட்டு நேரம்". பெற்றோர் கூடவே உட்கார்ந்திருக்க வேண்டும். அது போக, மணிக்கு இவ்வளவு என்று காசு கட்டிச் சிறு குழந்தைகளை விடுகிற காப்பகம் ஒன்று. அதில் இடம் குறைவு. நாங்கள் ஏறிப் பெட்டியை வைத்துவிட்டுப் போய்க் கேட்பதற்குள் மாலை நேரம் எல்லாம் நிரம்பிவிட்டது. நான்கு நாளைக்கு அவ்வளவுதான்.

சில பெரிய கப்பல்களில் இதைவிட நன்றாகச் செய்கிறார்கள் என்பதையும் சொல்லிவிடுகிறேன். ஆறு மாதத்திலிருந்து ஒன்றரை வயது வரை ஒரு பிரிவு, அதற்கு மேல் மூன்று வயது வரை ஒரு பிரிவு என்று பிரித்து நடத்துகிறவர்கள் இருக்கிறார்கள். ஆகவே முடியாத காரியம் ஒன்றும் இல்லை.

கப்பல் கிளம்புவதற்கு முன் பாதுகாப்புப் பயிற்சி நடந்தது. அப்போது என் பேத்திக்கு அவள் அளவிலேயே ஒரு குட்டி உயிர்காப்பு உடையைக் கொடுத்தார்கள். கடல் பாதுகாப்புச் சட்டப்படி, 24 மணி நேரத்துக்கு மேல் பயணம் போகிற பயணிகள் கப்பலில் எத்தனை கைக்குழந்தைகள் இருக்கிறார்களோ அத்தனை பேருக்கும் ஆளுக்கொன்று இருந்தே ஆக வேண்டும். எனக்கு மனம் நிறைந்துவிட்டது. பேத்தியை ஒரு முழு ஆளாக மதிக்கிறார்களே என்று. மறுநாள்தான் புரிந்தது. கப்பல் முங்கினால் அவள் பயணி. முங்காவிட்டால் தள்ளுவண்டியில் கட்டிவைத்த சாமான். அவளுக்கும் தனி டிக்கெட், தனி பாஸ்போர்ட், தனி துறைமுக வரி எல்லாம் உண்டு.

நீச்சல் குளத்தில் பெரிய பலகை. டயப்பர் போடும் குழந்தைகள் இறங்கக் கூடாது, நீச்சல் டயப்பர் போட்டிருந்தாலும் கூடாது. இந்த விதியை நான் குறை சொல்ல மாட்டேன். ஒரே தண்ணீர் சுற்றிச் சுற்றி வருகிறது. ஒரு குழந்தைக்கு வயிற்றுப்போக்கு என்றால் குளத்தில் இறங்குகிற எல்லோருக்கும் ஆபத்து. விதி சரி. ஆனால் பெரியவர்களுக்கு இரண்டு குளம், நான்கு சுடுநீர்த் தொட்டி, உயரத்திலிருந்து வழுக்கி விழ ஒரு குழாய் எல்லாம் கட்டத் தெரிந்தவர்களுக்கு, கணுக்கால் அளவுத் தண்ணீர் தனிச் சுத்திகரிப்போடு பீச்சியடிக்கிற பத்தடி இடம் கட்டத் தெரியாதா? சில கப்பல்களில் டயப்பர் குழந்தைகளுக்கென்றே அப்படி வைத்திருக்கிறார்கள். எங்கள் கப்பலில் சூதாட்டக் கூடத்துக்கு இடம் இருந்தது. இதற்கு இல்லை.

காலை விளையாட்டு நேரத்துக்குப் போனோம். நடத்திய பெண் நல்ல பெண், குறை சொல்ல மாட்டேன். வண்ணத் துணியைக் குழந்தைகள் தலைக்கு மேலே ஏற்றி இறக்கினாள், சோப்புக் குமிழி விட்டாள், பாட்டுப் பாடினாள். பதினொரு குழந்தைகள். ஆனால் 10 மணி என்பது ஒரு வயதுப் பிள்ளைகளில் பாதிப் பேருக்குத் தூக்க நேரம். நான்கு பேர் அம்மா தோளிலேயே சாய்ந்துவிட்டார்கள். சுவரில் ஒரு பெரிய டிவி, அதில் கார்ட்டூன் ஓடிக்கொண்டே இருந்தது. உலக சுகாதார நிறுவனம் 2019இல் ஐந்து வயதுக்குட்பட்ட குழந்தைகளுக்கு வழிகாட்டுதல் வெளியிட்டது. ஒரு வயதுக் குழந்தைக்குத் திரையே வேண்டாம் என்று அதில் இருக்கிறது. தள்ளுவண்டியிலோ நாற்காலியிலோ ஒரே மூச்சாக ஒரு மணி நேரத்துக்கு மேல் கட்டிவைக்கக் கூடாது என்றும் இருக்கிறது. கப்பலில் நான் பார்த்த குழந்தைகள் சாப்பாட்டுக் கூடத்தில் வண்டி, கடைத்தெருவில் வண்டி, நாடக அரங்கில் வண்டி என்றுதான் இருந்தார்கள். கையில் ஒரு போன். இறக்கிவிட இடம் இருந்தால்தானே இறக்கிவிடுவார்கள்?

நான் பெரிய படிப்பு படித்தவள் இல்லை. இரண்டு வருட ஆசிரியர் பயிற்சி மட்டும்தான். எங்கள் பரீட்சையில் மாண்டிசோரி அம்மையார் பற்றி ஒரு கேள்வி தவறாமல் வரும். அவர் 1939இல் அடையாறுக்கு வந்தார், போர்க் காலத்தில் கொடைக்கானலில் இருந்தார், முதல் மூன்று வருடங்களில் குழந்தை தன்னைத் தானே எப்படி உருவாக்கிக்கொள்கிறது என்று விரிவாகச் சொல்லும் அவருடைய புத்தகம் 1949இல் அடையாறிலேயே அச்சானது. மனப்பாடம் செய்து எழுதி மார்க் வாங்கினேன். அர்த்தம் புரிந்தது ஒன்றாம் வகுப்புக்குப் பாடம் எடுக்கப் போனபிறகுதான். தீப்பெட்டி ஆபீசுக்கு அம்மா போய்விடுவதால் அக்காமார் தம்பி தங்கையை இடுப்பில் தூக்கிக்கொண்டு பள்ளிக்கு வருவார்கள். தலைமையாசிரியர் விரட்டச் சொன்னார். நான் வகுப்பு மூலையில் ஒரு சாக்கை விரித்து, நாலு தேங்காய்ச் சிரட்டை, காலித் தீப்பெட்டி, ஒரு தகர மூடி போட்டுவைத்தேன். அந்த வாண்டுகள் ஒரு நாள் முழுக்க மூடியைத் திறப்பதும் மூடுவதுமாக இருப்பார்கள். அவர்களுக்கு அதுதான் உத்தியோகம். இதைப் படிக்கிறவர்களில் இரண்டு பேராவது அந்தச் சாக்கில் தவழ்ந்தவர்கள். பெயர் சொல்ல மாட்டேன், இப்போது பெரிய பதவியில் இருக்கிறீர்கள்.

இவ்வளவு தெரிந்த நானே முதல் நாள் என்ன சொன்னேன் தெரியுமா? காப்பகத்தில் இடம் இல்லை என்று மகன் சலித்துக்கொண்டபோது, "மூணு வயசு வரைக்கும் பிள்ளைக்கு அம்மா மடி போதும்டா, என்ன ஆக்டிவிட்டி வேண்டிக்கிடக்கு" என்றேன். மருமகள் ஒன்றும் சொல்லவில்லை. பேத்தியைத் தூக்கிக்கொண்டு அறைக்குப் போய்விட்டாள்.

மூன்றாம் நாள் இரவு மகனும் நானும் மாய வித்தைக்காரர் நிகழ்ச்சிக்குப் போனோம். பாதியில் எனக்குக் குளிரெடுத்தது. சால்வை எடுக்க அறைக்கு வந்தால் விளக்கு இல்லை. பேத்தி தூங்குகிறாள். மருமகள் குளியலறை வாசலில் தரையில் உட்கார்ந்து, உள்ளிருந்து வருகிற வெளிச்சத்தில் ஆறிப்போன நூடுல்ஸ் சாப்பிட்டுக்கொண்டிருந்தாள். விளக்குப் போட்டால் பிள்ளை எழுந்துவிடுமாம். பக்கத்தில் உட்கார்ந்தேன். குரலைத் தாழ்த்திச் சொன்னாள்: "கப்பல் எப்படி இருந்துச்சுன்னு ஆபீஸ்ல கேப்பாங்க அத்தை. எனக்கு இந்த ரூம்தான் தெரியும்."

மூன்று இரவும் அவள் அப்படித்தான் இருந்திருக்கிறாள். நான் கவனிக்கவில்லை. "அம்மா மடி போதும்" என்று சொன்ன வாய் என்னுடையது, மடி அவளுடையது.

மறுநாள் காலை முதல் வேலையாகக் காப்பகத்துக்கு நான் போனேன். யாரோ ரத்து செய்திருந்தார்கள், மாலை 7 முதல் 9 வரை இடம் கிடைத்தது. காசு நான் கட்டினேன். மதியம் ஒரு தடவை பேத்தியோடு அங்கே போய், அந்தப் பணிப்பெண்ணோடு அரை மணி நேரம் தரையில் உட்கார்ந்து பழக்கிவிட்டேன். ஒரு வயதுப் பிள்ளை புது முகத்தைக் கண்டு அழுவது இயல்பு. பழக்காமல் திணித்துவிட்டு வந்தால்தான் தப்பு. சாயங்காலம் விட்டபோது அழுதாள். நான் கதவுக்கு வெளியே திருடி மாதிரி காதை வைத்துக்கொண்டு நின்றேன். ஆறு நிமிடம் அழுதாள், பிறகு சத்தம் இல்லை. எட்டிப் பார்த்தால் ஒரு டப்பாவின் மூடியைத் திறந்து மூடிக்கொண்டிருக்கிறாள். ஏதாவது என்றால் கூப்பிடக் கையில் ஒரு சின்னப் போன் கொடுத்திருந்தார்கள். அது அடிக்கவே இல்லை.

நீங்கள் பார்த்த படம் அந்த இரண்டு மணி நேரத்தில் எடுத்தது. என் மருமகள் சூடான சாப்பாடு சாப்பிட்ட ஒரே இரவு. எடுத்தது சாப்பாடு கொண்டுவந்த தம்பி.

இதற்குத்தான் பத்து வரி எழுதினீர்கள். எழுதியவர் வீட்டில் பேரன் பேத்தியை வளர்ப்பது யார் என்று எனக்கும் தெரியும், ஊருக்கும் தெரியும். அங்கே ஆயா வைத்தால் வசதி, இங்கே இரண்டு மணி நேரம் என்றால் பாவமா? படத்தில் என் மகனும்தான் இருந்தான். அவனை ஒருத்தர்கூடக் கேட்கவில்லையே.

"கைக்குழந்தையோட கப்பல் எதுக்கு?" என்று ஒரு தம்பி கேட்டிருந்தார். மகனுக்கு ஐந்து நாள் விடுப்பு, எனக்கு ஒரு மாத விசா. இதே கேள்வியைக் கேட்டால் ரயிலிலும் போக முடியாது, கல்யாணத்துக்கும் போக முடியாது. "அத்தனை சின்னப் பிள்ளைகளுக்கு ஆள் வைத்தால் கட்டுப்படியாகாது" என்றும் ஒருவர். மூன்று வயதுக்குக் கீழே என்றால் ஆள் அதிகம் வேண்டும், ஒத்துக்கொள்கிறேன். நான் முதலில் கேட்பது ஆள் இல்லை, தரை. காலணி இல்லாமல் குழந்தைகள் தவழ, நாள் முழுக்கத் திறந்திருக்கிற, டிவி இல்லாத ஒரே ஒரு சுத்தமான அறை. பெற்றோர் நாங்களே உட்கார்ந்து பார்த்துக்கொள்கிறோம். காலை விளையாட்டு நேரத்தைத் தூங்கி எழுந்தபிறகு மாலையிலும் ஒரு தடவை வைக்கலாம். எத்தனை கைக்குழந்தைகள் ஏறப்போகிறார்கள் என்று பாஸ்போர்ட் எண்ணோடு முன்கூட்டியே தெரியும். அதற்கேற்ற மாதிரி காப்பகத்தில் இடம் வைக்க முடியாதா? உயிர்காப்பு உடையை எண்ணிவைக்கத் தெரிகிறதே. இதையெல்லாம் கடைசி நாள் தந்த கருத்துப் படிவத்தில் ஆங்கிலத்தில் எழுதிக் கொடுத்தேன். மகன் இலக்கணம் பார்த்துக் கொடுத்தான்.

மாணவிக்கு: அம்மா, போய் வா. பணம் கட்டுவதற்கு முன்னால் காப்பகம் எந்த மாதத்திலிருந்து எடுக்கும், முன்பதிவு வீட்டிலிருந்தே செய்யலாமா, டயப்பர் குழந்தைக்குத் தண்ணீர் விளையாட இடம் உண்டா என்று மூன்றையும் எழுத்தில் கேட்டு வாங்கு. பத்து மாதம் என்றால் தவழ்கிற வயது. விரிக்க ஒரு கனத்த போர்வை எடுத்துக்கொள். எவர்சில்வர் டம்ளர் இரண்டு, ஒரு கரண்டி, மூடி போட்ட டப்பா ஒன்று. குளியலறையில் ஷவருக்குக் கீழே உள்ள தரையில் உட்காரவைத்து, டம்ளரில் கொஞ்சம் தண்ணீர் ஊற்றிக் கொடு. என் பேத்தி 40 நிமிடம் ஊற்றி விளையாடினாள். கையெட்டும் தூரத்தை விட்டு நகராதே. ஒரு விரற்கடைத் தண்ணீர் என்றாலும் தண்ணீர்தான். அறைகளுக்கு வெளியே நீளமான நடைபாதை இருக்கும், கம்பளம் விரித்தது, விழுந்தாலும் அடிபடாது. எங்களுக்குக் கப்பலிலேயே நல்ல இடம் அதுதான். என் விரலைப் பிடித்துக்கொண்டு பேத்தி தினம் இரண்டு தடவை ஒரு கோடியிலிருந்து மறு கோடி வரை நடந்தாள். அறை சுத்தம் செய்கிறவர்கள் துண்டை மடித்து யானை, குரங்கு செய்வார்கள். அவர்களோடு ஐந்து நிமிடம் நின்று அதைப் பார்க்கவிடு. மூன்றாம் நாள் விரலை விட்டுவிட்டு நாலு அடி தனியாக நடந்தாள், துண்டு யானையைப் பிடிக்க.

முக்கியமாக, உன் வீட்டுக்காரரிடம் இப்போதே பேசிவிடு. ஒரு இரவு நீ அறையில், ஒரு இரவு அவர். மாமியார் கூட வந்தால் ஒரு இரவு அவர்.

வேறு ஏதாவது கேட்க வேண்டுமென்றால் போன் பண்ணு. காலை 11 மணிக்கு மேல். அதற்கு முன்னால் பேத்தி வீடியோவில் வருவாள்.