உட்காரவும் உரிமை உண்டு

அளவுக்கு மீறி உட்கார்ந்திருப்பது உடலுக்குக் கேடு; வளர்ந்தோர் வாரத்துக்கு 150 நிமிடமாவது உடலை அசைக்க வேண்டும் என்று உலக சுகாதார நிறுவனம் 2020இல் அறிவுறுத்தியது. மேசைக்கு முன் வேலை செய்வோருக்கு அது நல்ல புத்திமதி. கொழுந்து பறிக்கும் நம் பெண்களுக்கோ அந்த 150 நிமிடம் திங்கட்கிழமை பகலுக்கு முன்பே முடிந்துவிடுகிறது. நிறுவை வரை நின்றபடிதான் வேலை. தேத்தண்ணி குடிக்க அமர்வதும் ஈர மண்ணில்தான். வீடு திரும்பினால் அடுப்படி.

ஒவ்வொரு மலையிலும் கூரை, வாங்கு, கழிவறையுடன் ஓய்வு மடுவம் வேண்டும். இது சலுகையல்ல, சம்பளத்தோடு சேர்த்துப் பேசப்பட வேண்டிய உரிமை. தோட்டத் தலைவர்களே, மாதர் சங்கத் தலைவிகளே, மடுவம் இல்லாத மலைகளின் பெயர்களை எழுதி மாவட்டக் காரியாலயத்துக்கு அனுப்புங்கள். பட்டியல் கையில் இருந்தால்தான் கம்பனிகளிடம் அழுத்திப் பேசலாம்.