விதியை மாற்றிப் பார்க்கும் கதைகள்

இலங்கையின் 1935ஆம் ஆண்டுக் காணி அபிவிருத்திக் கட்டளைச் சட்டத்தோடு ஓர் அட்டவணை இணைக்கப்பட்டிருந்தது. அரச காணிக்கு அனுமதிப்பத்திரம் பெற்றவர் பின்னுரிமையாளரைப் பெயரிடாமல் இறந்துபோனால் காணி யாருக்குப் போகும் என்று அது வரிசைப்படுத்தியது. மகன்மாருக்குப் பிறகே மகள்மார், பேரன்மாருக்குப் பிறகே பேத்திமார், சகோதரருக்குப் பிறகே சகோதரிகள். இந்த நாட்டுப் பெண்கள் 1931இலேயே வாக்குரிமை பெற்றவர்கள். உலகின் முதல் பெண் பிரதமர் 1960இல் இங்குதான் பதவியேற்றார். 1994இல் அவருடைய மகள் ஜனாதிபதியானார். அந்த அட்டவணையோ 2022இல்தான் திருத்தப்பட்டது. நாற்காலியில் யார் அமர்கிறார் என்பது ஒன்று, வீட்டின் விதியை யார் எழுதுகிறார் என்பது இன்னொன்று. இந்த இரண்டாவது கேள்வியைத் துணிந்து கையாள மிகப் பொருத்தமான இலக்கிய வடிவம் விஞ்ஞானச் சிறுகதை. ஈழத்துத் தமிழில், அதிலும் கிழக்கில், அதை நாம் ஏறக்குறையக் கைவிட்டிருக்கிறோம்.

கிழக்கைக் குறிப்பாகச் சொல்லக் காரணம் இருக்கிறது. இங்கே பல குடும்பங்களில் வீடு என்பது மகளுக்காகக் கட்டப்படுவது. சீதனமாக அது அவள் பெயரில் எழுதப்படும், மாப்பிள்ளை அவள் வீட்டுக்கு வந்து குடியேறுவார். 2004 டிசம்பரில் சுனாமி வந்து கரையோர வீடுகளைக் கொண்டுபோனது. பிறகு நட்டஈட்டுக்கும் புது வீட்டுக்கும் நிரப்பச் சொன்ன படிவங்கள் ‘குடும்பத் தலைவர்’ யார் என்று கேட்டன. பெண்வழியாக வந்த வீடுகளுக்குப் பதிலாகக் கட்டிய வீடுகள் பல இடங்களில் ஆண்களின் பெயருக்கு மாறியதை ஆய்வாளர்கள் பதிந்திருக்கிறார்கள். அந்தப் படிவத்தை வரைந்தவர் மனத்தில் ஒரு குடும்பம் இருந்தது. அது கிழக்கின் குடும்பம் அல்ல. சட்டமும் படிவமும் யாரோ ஒருவரின் கற்பனையில் பிறந்தவைதான். அரச முத்திரை குத்தப்பட்டதும் அவை உலக நியதிபோல ஆகிவிடுகின்றன. அப்படியானால் வேறொரு குடும்பத்தை, வேறொரு காணி உறுதியைக் கற்பனை செய்வதை எப்படிப் பொழுதுபோக்கு என்று ஒதுக்க முடியும்?

இதை நன்றாக அறிந்திருந்தவர் வங்கத்தில் பிறந்த பேகம் ரொக்கேயா. அவருடைய ‘சுல்தானாவின் கனவு’ 1905இல் வெளிவந்தது. வெளியிட்டது கல்கத்தா அல்ல, சென்னை. கமலா சத்தியநாதன் ஆசிரியராக இருந்து நடத்திய ‘இந்தியன் லேடீஸ் மெகசின்’ அதை அச்சிட்டது. தமிழ் மண்ணில் அச்சேறிய இந்தக் கதை தமிழ் வாசகரிடம் இவ்வளவு குறைவாகப் பேசப்படுவது எனக்கு உண்மையிலேயே வருத்தம் தருகிறது. கதையில் வரும் பெண்கள் நாட்டில் ஆண்கள் திரைக்குள் இருந்து சமைக்கிறார்கள், பிள்ளை பார்க்கிறார்கள். ஒரு பெண்கள் பல்கலைக்கழகம் மேகத்திலிருந்தே நீரை எடுக்கிறது. இன்னொன்று சூரிய வெப்பத்தைச் சேமிக்கிறது. ஆண்கள் போரில் தோற்றபின், சேமித்த அந்த வெப்பத்தை எதிரிமீது பாய்ச்சி நாட்டைக் காப்பாற்றுகிறவர்கள் அந்த மாணவிகள்தாம். ஆனால் என்னைக் கட்டிப்போடுவது இந்தக் கருவிகள் அல்ல. அந்த நாட்டில் அரசி முன்பே இருந்தாள்; அவள் இருந்ததால் மட்டும் எதுவும் மாறவில்லை. பெண்கள் எல்லோரும் படிக்கவேண்டும், 21 வயதுக்கு முன் யாருக்கும் கலியாணம் இல்லை என்று அவள் இரண்டு விதிகளைப் பிறப்பித்த பிறகே எல்லாம் தொடங்குகிறது. கதை எழுதப்பட்ட காலத்தில் பிரித்தானிய இந்தியாவில் பெண்ணின் சம்மத வயதைச் சட்டம் 12 என்று வைத்திருந்தது. சட்டத்துக்கும் கதைக்கும் இடையில் ஒன்பது ஆண்டு இடைவெளி.

நம் மரபில் பெண் ஆளும் நாடு இல்லாமல் இல்லை. அல்லி அரசாணியின் கதையைக் கூத்தாகவும் அம்மானையாகவும் தலைமுறைகளாகக் கேட்டவர்கள் நாம். மன்னார் அரிப்பில் ஓர் இடிபாட்டுக்கே அவள் பெயரைச் சூட்டியிருக்கிறோம். அவள் ஆட்சி எப்படி முடிகிறது? தூங்குகிறவளின் கழுத்தில் அருச்சுனன் தந்திரமாகத் தாலி கட்டுகிறான். அவள் சம்மதத்தைக் கேட்கும் விதி அந்தக் கற்பனைக்குள் இல்லாததால் கதைக்கு வேறு முடிவு கிடைக்கவில்லை.

அறிவியல் புனைவு என்று பெயர் வைத்தாலே இந்தக் குறை நீங்கிவிடும் என்றும் நான் சொல்லவில்லை. 1956இல் இலங்கைக்குக் குடிவந்து, திருகோணமலைச் சுவாமிமலையடியில் கடலுக்குள் கிடந்த கோயில் இடிபாடுகளை நேரில் கண்டவர் ஆர்தர் சி. கிளார்க். 1968இல் வந்த ‘2001’ கதையில் அவர் அனுப்பிய விண்கலத்தில் ஐந்து மனிதர்கள், ஐவரும் ஆண்கள். வலெந்தினா தெரெஷ்கோவா 1963இலேயே விண்வெளிக்குப் போய்த் திரும்பியிருந்தார். எந்திரத்தை அவ்வளவு தொலைவு முன்னறிந்த மனத்துக்கு, ஐந்து ஆண்டுக்கு முன் நடந்து முடிந்தது உறைக்கவில்லை. தமிழில் சுஜாதாவின் ‘என் இனிய இயந்திரா’ நிலா என்ற பெண்ணை மையத்தில் வைத்தது, பிள்ளை பெறுவதற்கும் அரசின் அனுமதி வேண்டும் என்ற கூரிய கற்பனையோடு தொடங்கியது. அதற்கு நாம் கடன்பட்டிருக்கிறோம். ஆனாலும் வாசகர் மனத்தில் இன்றுவரை நிற்பது ஜீனோ என்ற எந்திர நாய்தான். நிலாவின் வீட்டு விதிகள் அல்ல.

இப்படி விதியை மாற்றிப் பார்க்கும் கதை மேற்கிலிருந்து வந்த மோகம் என்பார்கள். அமெரிக்காவில் சார்லட் பெர்க்கின்ஸ் கில்மன் பெண்கள் மட்டுமே வாழும் நாட்டைப் பற்றி எழுதியது 1915இல். ரொக்கேயா பத்து ஆண்டு முந்தியவர். ஆண்களைப் பூட்டிவைப்பது பழிவாங்கல் அல்லவா என்பது இதைவிட வலுவான கேள்வி. வாழ்வதற்கான திட்டமாக அந்தக் கதையை எடுத்தால் அது நியாயமில்லாததுதான், ஒப்புக்கொள்கிறேன். ஆனால் ஆணை அடுப்படியில் அடைத்ததும் நமக்கு வருகிற கோபம், பெண்ணை அடைத்தபோது ஏன் வரவில்லை என்று கேட்கவைப்பதுதான் அதன் வேலை. பின்னால் வந்தவர்கள் அதைத் தாண்டியும் போயிருக்கிறார்கள். வந்தனா சிங்கின் ஒரு சிறுகதையில், ஓய்வுபெற்ற அதிகாரியின் மனைவி தான் ஒரு கோள் என்று அறிவிக்கிறாள். கணவருக்கோ அயலவர் என்ன நினைப்பார்கள் என்ற கவலை. யாரையும் பூட்டாமலே ஒரு திருமணத்தின் முழு நிர்வாகமும் அங்கே வெளிச்சத்துக்கு வந்துவிடுகிறது.

போரும் இடப்பெயர்வும் கண்ட மண்ணுக்கு இப்படிப்பட்ட கதை எதற்கு, நடந்ததை எழுதவே ஆள் போதவில்லையே என்ற குரலை நான் மிகவும் மதிக்கிறேன். நடந்ததை எழுதத்தான் வேண்டும். அந்தக் கடன் இன்னும் தீரவில்லை. ஆனால் இந்த நாட்டில் ஏறத்தாழ நான்கில் ஒரு குடும்பத்தைப் பெண்தான் தலைமை தாங்கி நடத்துகிறாள். யதார்த்தக் கதை அவளைப் பெரும்பாலும் இழப்பின் உருவமாகவே காட்டுகிறது: கணவனை இழந்தவள், மகனைத் தேடுகிறவள். அவள் அன்றாடம் எடுக்கும் முடிவுகளை ஒரு சமூகத்தின் அடிப்படை விதியாக வைத்துப் பார்த்தால் அது எப்படி இயங்கும் என்று அந்தக் கதையால் கேட்க முடிவதில்லை. நடந்ததற்குக் கட்டுப்பட்ட வடிவம் அது.

எழுதுவதற்கான பொருள் வேறெங்கும் தேட வேண்டியதில்லை. நூறு ஆண்டு கழித்துத் திருகோணமலை அன்புவழிபுரத்தில் எல்லாக் காணி உறுதியும் தாய்வழியில்தான் போகும் என்று வைத்துக்கொள்வோம். காணி இல்லாத அண்ணன்மார் என்ன செய்வார்கள், தாய்மார் அதிகாரத்தை எப்படிக் கையாள்வார்கள்? பிள்ளை கருப்பைக்கு வெளியே வளரும் காலத்தில் சீதனம் எதற்காகக் கேட்கப்படும்? துறைமுகத்தின் பளு தூக்கும் வேலை முழுவதையும் எந்திரம் செய்தால், ஆண்பிள்ளை வேலை என்று எதைச் சொல்வோம்? கோணேசபுரியில் கிழக்குப் பல்கலைக்கழகத்தின் திருகோணமலை வளாகத்தில் கணினியும் சித்த மருத்துவமும் படிக்கும் பிள்ளைகளுக்கு இந்தக் கேள்விகளை விஞ்ஞானத்தோடு சேர்த்து யோசிக்கும் பயிற்சி இருக்கிறது. பாடசாலைகளும் பிரதேச செயலகங்களும் நடத்தும் சிறுகதைப் போட்டிகளில் விஞ்ஞானக் கதைக்குத் தனிப் பிரிவு ஒதுக்கட்டும், தமிழ்ப் பாடநூலில் ‘சுல்தானாவின் கனவு’ ஒரு பாடமாக வரட்டும். இரண்டுக்கும் பெரிய செலவில்லை; அடுத்த கல்வியாண்டிலேயே தொடங்கலாம்.