புற்றுநோய் மரபணுவை வாய்மூட வைக்க முடியுமா?

மரபணுவை "மௌனமாக்கி" புற்றுநோயை அடக்கலாம் என்று செய்திகளில் படித்திருப்பீங்க. கேட்க நல்லாத்தான் இருக்கிறது. ஆனால் அந்தச் சிகிச்சை இப்போது எந்தக் கட்டத்தில் இருக்கிறது?

லிட்டில் இந்தியாவில் ஒரு சாப்பாட்டுக் கடையை நினைத்துக்கொள்ளுங்கள். நீங்கள் சொல்லும் ஆர்டரைச் சீட்டில் எழுதி அடுப்படிக்கு அனுப்புவாங்க. சீட்டு வந்தால்தான் தோசை வரும். நம் உயிரணுக்களிலும் கிட்டத்தட்ட அதே கதைதான். மரபணு தன் உத்தரவைத் தூது ஆர்என்ஏ என்ற "சீட்டில்" அனுப்பும். அதைப் பார்த்துத்தான் புரதம் தயாராகும். மௌனமாக்கும் சிகிச்சை மரபணுவைத் தொடாது. சீட்டை வழியிலேயே கிழித்துவிடும், அவ்வளவுதான்.

உயிரணுக்களுக்கு இந்த வித்தை இயல்பாகவே தெரியும். ஆண்ட்ரூ ஃபயரும் கிரேக் மெல்லோவும் 1998இல் ஒரு சிறு புழுவை வைத்து அதை விளக்கினர். 2006இல் நோபெல் பரிசு பெற்றனர். இந்த வழியில் செயல்படும் முதல் மருந்தான பட்டிசிரான் 2018இல் அமெரிக்காவில் அனுமதி பெற்றது. ஆனால் அது ஓர் அரிய பரம்பரை நோய்க்கு. கொழுப்பைக் குறைக்கும் இன்கிளிசிரானும் பிறகு வந்துவிட்டது.

அப்போ புற்றுநோய்க்கு ஏன் தாமதம்? முகவரிதான் பிரச்சினை. ஆர்என்ஏ மருந்து ரத்தத்தில் சீக்கிரம் சிதைந்துவிடும். பத்திரமாகப் பொதிந்து அனுப்பினாலும் பெரும்பாலும் கல்லீரலுக்கே போய்ச் சேரும். மேலே சொன்ன இரண்டு மருந்துகளும் வேலை செய்ய வேண்டிய இடமே கல்லீரல் என்பதால் தப்பித்தன. நுரையீரல் கட்டிக்கு அந்த வழி போதாது.

இங்குதான் நம்ம ஊர் ஆய்வு வருகிறது. சிங்கப்பூர்த் தேசியப் பல்கலைக்கழகத்தின் மின் லே குழு, சிவப்பு ரத்த அணுக்களிலிருந்து கிடைக்கும் நுண்ணிய பைகளில் மருந்தை அடைக்கிறது. ஏன் சிவப்பணு? முதிர்ந்த சிவப்பணுவில் உட்கருவும் மரபணுப் பொருளும் இல்லை. நன்கொடை ரத்தத்திலிருந்து நிறையக் கிடைக்கும். பையின் மேல் "முகவரி" ஒன்றையும் ஒட்டுகிறார்கள். பல நுரையீரல் புற்றணுக்களின் மேற்பரப்பில் அதிகம் காணப்படும் இஜிஎஃப்ஆர் புரதத்தை அது தேடிப் பிடிக்கும்.

உள்ளே இருக்கும் மருந்தின் குறி கேராஸ் மரபணுவின் சீட்டு. பல்லாண்டு காலம் எந்த மருந்துக்கும் பிடிகொடுக்காத மரபணு அது. அதன் ஒரே ஒரு திரிபுக்கு எதிரான மாத்திரைக்கே 2021இல்தான் அமெரிக்காவில் முதல் அனுமதி கிடைத்தது. மின் லே குழுவின் முடிவுகள் 2024இல் வெளியாயின: கட்டிகளின் வளர்ச்சி குறைந்தது.

ஆனால் கவனியுங்கள், அது எலிகளிலும் ஆய்வுக்கூட அணுக்களிலும் நடந்தது. மனிதர்களுக்குப் பாதுகாப்பானதா, எவ்வளவு கொடுக்கலாம் என்பதையெல்லாம் இனி சோதிக்க வேண்டும். ஒரு சீட்டைக் கிழித்தால் புற்றணு வேறு வழி தேடுவதும் உண்டு.

வீட்டில் யாராவது சிகிச்சையில் இருந்து, "அந்தப் புது ஊசிக்குக் காத்திருக்கலாமா?" என்று கேட்டால், வேண்டாம் என்று சொல்லுங்கள். கீமோவை நிறுத்தவும் கூடாது. உங்கள் மருத்துவரிடம் கேட்க வேண்டியது வேறு: கட்டியில் என்ன மரபணு மாற்றம் இருக்கிறது, அதற்கு இப்போதே கிடைக்கும் மருந்து எது, சேரக்கூடிய மருத்துவச் சோதனை ஏதும் சிங்கப்பூர்த் தேசியப் புற்றுநோய் நிலையம் போன்ற இடங்களில் நடக்கிறதா?