அபிஷேக நீர் எங்கிருந்து வருகிறது?

கெடா தோட்டங்களில் நம் முன்னோர் மரத்தடியில் கல் நட்டுக் கும்பிட்டனர். அவர்களுக்குப் பக்தி வேறு, மரம் வேறு அல்ல. இன்றோ சுங்கை பட்டாணித் தைப்பூசத்தில் நெகிழிக் குவளைகளை மிதித்தே நடக்கிறோம்.

முருகனுக்கு நாம் ஊற்றும் நீர் மூடா ஆற்று நீர். அந்த ஆற்றை ஊட்டுவது உலு மூடா காடு. பினாங்கின் குடிநீரிலும் 80 விழுக்காட்டுக்கு மேல் இதே ஆற்றிலிருந்துதான் எடுக்கப்படுகிறது. அக்காட்டில் மரம் வெட்டப்படுவதைப் பற்றி எந்தத் திருவிழா மேடையிலும் நான் ஒரு சொல் கேட்டதில்லை.

காட்டைக் காப்பதும் திருப்பணியே என்பேன். தண்ணீர்ப் பந்தல் போடும் மாணவர்களே, எவர்சில்வர் குவளைக்கு மாறுங்கள். உலு மூடாவைப் பற்றிப் பேச ஆலய நிர்வாகத்திடம் ஐந்து நிமிடம் கேளுங்கள். ஆறு வற்றினால் அபிஷேகம் ஏது?